வண்டியைப் பார்த்தால் ஓட்டுகிறவர் தெரிவார்

மலேசியாவின் பிளஸ் நெடுஞ்சாலையில், பீடோர் டோலில் ஏறி வடக்கே தாப்பாவுக்குப் போனாலும் தெற்கே சுங்காய்க்குப் போனாலும் ஒரு பக்கத்துக்கு இரண்டே லேன். செம்பனை லோரி, எண்ணெய் டேங்கர், எக்ஸ்பிரஸ் பஸ், மைவி என்கிற சின்னக் கார், கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள் எல்லாமே அந்த இரண்டு லேனுக்குள்தான் பங்காளிச் சண்டை போடுகின்றன. வண்டியைப் பார்த்தே ஓட்டுநரின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம் என்று கோப்பிக் கடையில் பேசிக்கொள்வார்கள். அதில் பாதி கிண்டல். மீதிப் பாதிக்கு எஞ்சினும் சுமையும்தான் காரணம்.

மைவிக்காரர் என்றால் ரோட்டுக்கு ராஜா, வலது லேன் அவருடைய தாத்தா சொத்து. கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தவர், நீங்கள் சிக்னல் போடுவதற்குள் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பார். வண்டி எடை ஏறக்குறைய ஒரு டன், 1.5 எஞ்சினுக்கு நூறு குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேல். மிதித்தால் ஓடத்தான் செய்யும். ஆனால் எடை குறைவு, உயரம் அதிகம். 110ஐத் தாண்டிப் போய்க்கொண்டே கண்டெய்னர் லோரியைக் கடக்கும்போது, லோரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ராஜா அங்கே ஒரு கையால் ஸ்டீயரிங் பிடித்திருந்தால் ராஜ்ஜியம் ஆடும். இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: 2005இலிருந்து ரோட்டை நிரப்பியிருப்பது மைவிதான். கூட்டம் அதிகம் என்பதால் திட்டும் அதிகம்.

லோரிக்காரர் மேல் உள்ள புகார் வேறு. ஒரு லோரி இன்னொரு லோரியை முந்தும், பின்னால் ஊரே காத்துக்கிடக்கும். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவர் 80, முந்துகிறவர் 85. இரண்டும் பன்னிரண்டு மீட்டர் லோரி. முன்னும் பின்னும் 25 மீட்டர் இடைவெளி விட்டால், முந்துகிறவர் 74 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அதற்கு 53 விநாடி ஆகும். அதற்குள் ஒன்றேகால் கிலோமீட்டர் கடந்திருக்கும். நடுவில் மேடு வந்தால் 85 என்பது 75 ஆகும், முந்துகிற வேலை பாதியில் நிற்கும். சுமை ஏற்றிய லோரி ஒருமுறை வேகத்தை இழந்தால் திரும்பப் பிடிக்க நேரமாகும். அதனால்தான் அவர் வேகம் குறையும் முன்பே வலது பக்கம் வந்துவிடுகிறார். ஹார்ன் அடிப்பதால் அவருடைய கியர் மாறாது.

செம்பனைப் பழ லோரியைப் பொறுத்தவரை ஆளைப் பார்க்க வேண்டாம், தொட்டியைப் பாருங்கள். குலை நிறைந்திருந்தால் ஊர்வலம், காலியாக இருந்தால் ராக்கெட். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். காலி லோரியின் அவசரம், அடுத்த லோடுக்கான அவசரம். வலை கட்டாத லோரிக்குப் பின்னால் மட்டும் போகாதீர்கள். ஒரு குலை பத்திலிருந்து இருபத்தைந்து கிலோ வரை இருக்கும், முள் வேறு. உதிரிப் பழம் இன்னும் மோசம். டோலை விட்டு இறங்கும் வளைவில் சக்கரம் ஏறி நசுங்கி எண்ணெய் கசிந்து கிடக்கும். மோட்டாரில் வருகிறவருக்கு அது சோப்பு போட்ட தரை.

டேங்கர்காரர் பொறுமைசாலி என்று பெயர். காரணம் குணமல்ல. டேங்கில் பாதி எண்ணெய் இருந்தால், பிரேக் மிதித்ததும் அது முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். அவருக்கு முன்னால் இருக்கும் இடைவெளி உங்களுக்காக ஒதுக்கிய பார்க்கிங் இல்லை. அதில் நுழைந்து பிரேக் போடுகிறவரை என்னவென்று சொல்வது!

ஹைலக்ஸ் பிக்கப்: சக்கரத்தில் தோட்டத்துச் சேறு, பின்னால் உரமூட்டை, கண்ணைக் குத்தும் வெளிச்சம். ஹைபீம் என்று எல்லோரும் திட்டுவார்கள். பல நேரம் அது சாதா விளக்குதான். பின்பக்கம் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும், விளக்கும் தூக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் விளக்கை இறக்குகிற சிறு திருகி இருந்தால் 0விலிருந்து ஒன்றோ இரண்டோ தள்ளினால் போதும். அதைத் தொட்டவர்களைக் காண்பது அரிது. பாரம் இல்லாத ஹைலக்ஸ் மழையில் வேறு கதை: பின்பக்கம் லேசு, லீஃப் ஸ்பிரிங் விறைப்பு, வளைவில் வால் வெளியே போகும்.

பழைய புரோட்டோன் சாகா காரில் பெரியவர் 70இல், வலது லேனில். இடது லேன் லோரி ஏறி ஏறிப் பள்ளம் விழுந்திருக்கிறது என்பார். உண்மைதான், மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் டயர் மிதக்கும். அதற்கு வேகத்தைக் குறைத்தால் போதும், தாத்தா, லேனை வாடகைக்கு எடுக்க வேண்டாம். இத்தனை வகையில் எனக்குப் பொறுமை இல்லாதது இந்த ஒரு வகையிடம்தான்.

கப்சாய்க்காரர் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டிருப்பார், காற்றுக்கு. பிளஸில் மோட்டாருக்கு டோல் இல்லை, அதனால் எமர்ஜென்சி லேன் முழுக்க அவர்தான். மழை பிடித்தால் அத்தனை பேரும் பாலத்தின் கீழ் நிற்பார்கள், சில நேரம் இடது லேன் வரை வழிவார்கள். மழையில் பாலத்தைக் கண்டால் இடது லேனில் வேகம் குறையுங்கள். முடிந்தால் வலது பக்கம் மாறுங்கள், ஆனால் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு மாறாதீர்கள். நான்கும் ஒன்றாக மின்னும்போது நீங்கள் எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று பின்னால் வரும் மைவி ராஜாவுக்கும் தெரியாது.