பட்டாளத்து கெம்மை விட்டு வெளியேறும் முன் கையில் இருக்கவேண்டிய தாள்கள்

18 வயதில் மலேசியப் பட்டாளத்தில் சேர்ந்தவர், அதிகாரி அல்லாத நிலையில் 21 ஆண்டு முடித்தால் பென்ஷன் உண்டு. அப்போது வயது 39. பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், கார் கடன் பாக்கி இருக்கும். அடுத்த வேலை தேடியே ஆகவேண்டும். பலருக்கு அது ஜாகா (காவலாளி) வேலையில் போய் முடிவது திறமை இல்லாததால் அல்ல. திறமையைச் சொல்லும் தாள் இல்லாததால்.

பதினைந்து வருடம் டீசல் இஞ்சின் பிரித்தவராகவே இருக்கட்டும். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆளெடுப்பவருக்குப் பட்டாளத்துச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது. எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) இருக்கிறதா என்பார். அதற்குத்தான் பிபிடி வழி, அதாவது முன் அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் பெறும் வழி. வகுப்பில் உட்காரத் தேவையில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டிக் கொடுத்து மதிப்பீட்டுக்குப் போகலாம். பயிற்சிச் சான்றிதழ்கள், பழுதுபார்த்த வண்டிகளின் பட்டியல், மேலதிகாரி கையெழுத்து எல்லாம் வேண்டும். சிக்கலே அந்தக் கையெழுத்தில்தான்: விலகிய பிறகு தேடினால் அவர் சபாவுக்கு மாற்றலாகிப் போயிருப்பார். கெம்முக்குள் இஷ்டத்துக்குப் படமும் எடுக்க முடியாது, அனுமதி வாங்கவேண்டும். ஆகவே ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் பெர்ஹெபாட் சுங்கை பூலோவில் தரும் பயிற்சியில் நண்பன் எடுத்த பாடத்தையே எடுக்காதீர்கள். பினாங்கில் குடியேறப் போகிறவர் பினாங்கில் எதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

ஓட்டுநராக இருந்தவர் பட்டாளத்து லைசென்ஸை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) மாற்றிக்கொள்ள வேண்டும். சரக்கு லோரிக்கு ஜிடிஎல்லும் (சரக்கு வாகன லைசென்ஸ்) தேவை. மைதெந்தெராவை (பட்டாளத்து அடையாள அட்டை) ஒப்படைத்ததும் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவுத் துறை) பொதுமக்களுக்கான ஐசி எடுங்கள். புது முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.

பணக் கணக்கு பலருக்குத் தப்பிப்போகிறது. பென்ஷன் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும், அலவன்ஸ் எதுவும் சேராது. குவார்ட்டர்ஸையும் காலி செய்து வாடகை கட்டவேண்டும். கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து அலவன்ஸை எல்லாம் அடித்துவிட்டுப் பாருங்கள். எல்டிஏடி (படைவீரர் சேமிப்பு நிதி) தொகை கைக்கு வந்ததும் புதுக் கார் வாங்குவதை இந்தக் கணக்கு முடியும்வரை தள்ளிப்போடலாம்.

வெளியே 1,700 வெள்ளிச் சம்பளம் என்றால் அதில் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, கேடபிள்யூஎஸ்பிக்கு (ஊழியர் சேமநிதி) போகும். பெர்கேசோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பிடித்தம் தனி. வீட்டு வாடகையை மிச்சத்தை வைத்துப் பேசுங்கள்.