மார்ச் 31-ல் செத்துப்போன எஞ்சின்

அப்பாவுக்கு எண்பது நிறைவதற்குள் ஒரு பழைய போட்டோவைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஈரோடு லோகோ ஷெட்டில், டபிள்யூ.ஜி. என்ற நீராவிச் சரக்கு எஞ்சினின் பின்னால் மாட்டியிருக்கும் டெண்டர் மீது சாய்ந்தபடி, கரி அப்பிய முகத்தோடு, எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் அப்பா நிற்கிற படம். கீழே எஞ்சின் எண்ணும் அது கண்டம் ஆன (இனி ஓட லாயக்கில்லை என்று கழித்துக்கட்டிய) தேதியும் இருந்தால் நன்றாக இருக்கும். ஆசை அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்கு ஏழு மாதம் ஆயிற்று. எண்பது எப்போதோ முடிந்து, கேசரியும் ஆறிப்போயிற்று.

சிக்கல் போட்டோவிலேயே இருந்தது. டெண்டரில் பெயின்டில் எழுதியிருக்கும் எண் 68 என்று முடிகிறது. அப்பாவின் பாக்கெட் டைரியில் 86. (முழு எண்ணை இங்கே போட மாட்டேன். ஏற்கெனவே தப்பாக உலாவுகிறது, நானும் சேர வேண்டாம்.) யாரோ இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 1950-க்கும் 1970-க்கும் நடுவில் டபிள்யூ.ஜி. இரண்டாயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். தப்பான எண்ணைச் சொன்னால் "அப்படி ஒன்று இல்லை" என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்த எண்ணிலும் ஒரு எஞ்சின் எங்கோ ஓடியிருக்கும், அதன் தேதியை எடுத்து நம் கையில் கொடுத்துவிடுவார்கள்.

சேலம் ரயில்வே கோட்டத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டேன். தாலுகா ஆபீசுக்குப் போட்ட பழக்கத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியது என் முட்டாள்தனம். மாநில அரசு அலுவலகத்துக்கு அது செல்லும், ரயில்வேக்குச் செல்லாது. மூன்று வாரம் கழித்து மனு போன மாதிரியே திரும்பி வந்தது. போஸ்டல் ஆர்டர் வையுங்கள், இல்லாவிட்டால் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலேயே பணம் கட்டிவிடுங்கள். பதிவு எண்ணாவது கையில் இருக்கும்.

அடுத்த மனுவில் "எஞ்சின் எண், அதனுடன் இணைத்திருந்த டெண்டர் எண்" என்று தெளிவாகவே கேட்டிருந்தேன். முப்பதாவது நாள் பதில் வந்தது: டெண்டர் அறிவிப்புகள் அனைத்தும் ரயில்வே இணையதளத்தில் உள்ளன, பார்த்துக்கொள்ளவும். ஒப்பந்தப்புள்ளி! எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணியும் சுமந்து வருவதற்கும் அதே பெயர்தான் என்று நேரில் போய் விளக்கினேன். அந்த கிளார்க் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல், "கரி வண்டின்னு எழுதியிருக்கலாமே சார்" என்றார்.

சூரமங்கலம் டீக்கடையில் ரிட்டயரான ரயில் கார்டு ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர்தான் வழி சொன்னார். "சேலம் கோட்டம் பொறந்ததே 2007 நவம்பர் ஒண்ணாந்தேதி தம்பி. அதுக்கு முன்னாடி நாமெல்லாம் பாலக்காடு. அதுக்கும் முன்னாடி அந்தக் கோட்டத்துக்குப் பேரே ஒலவக்கோடு. எழுபத்தொம்பதாம் வருஷக் காகிதத்தை இங்க தேடுனா கெடைக்குமா?" பதிவேடுகளுக்கும் ஆயுள் உண்டு, வருஷம் முடிந்தால் அவற்றையும் கண்டம் பண்ணிவிடுவார்கள் என்றும் சொல்லிவைத்தார்.

மிஞ்சிய பழைய பதிவேடுகள் கிடக்கிற இடத்துக்கு ரயிலேறினேன். சாவி வைத்திருப்பவர் லீவு. முன்கூட்டி போன் பண்ணினபோது "தாராளமா வாங்க" என்று சொன்னவரும் அன்று இல்லை. அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே சேலம் திரும்பினேன்.

இரண்டாவது முறை போவதற்கு முன், நகல் கேட்காமல் "நேரில் பார்வையிட" என்று மனு போட்டேன். இதைச் செய்யுங்கள். முதல் மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு ஐந்து ரூபாய். நகல் கேட்டால் நமக்கு வேண்டிய வரியை மட்டும் எழுதி அனுப்புவார்கள். பக்கம் முழுவதையும் பார்த்தால்தான் விஷயம் புரியும். எனக்குப் புரிந்தது. 86 அங்கே இருந்தது, கண்டம் 31.3.1979. அதற்கு மேலும் கீழுமாக இன்னும் எட்டு எஞ்சின்கள். ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒன்பதுக்கும் அதே தேதி. கணக்காண்டு முடிகிற நாளில் ஒன்பது எஞ்சின்களும் சொல்லிவைத்தாற்போல உயிரை விட்டிருக்கின்றன.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்போ ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசம் நான் எதுக்குக் கரி அள்ளிப் போட்டேனாம்?" என்று கேட்டார். டைரியை எடுத்துப் பார்த்தால், ஜூன் 22 வரை அதே எண். டைரியைச் சில சமயம் நாலு நாள் சேர்த்து எழுதுவாராம், அதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் மைலேஜ் அலவன்ஸ் வாங்கிய சீட்டுகளைப் பெட்டியில் வைத்திருக்கிறார். மூன்று மாதச் சீட்டுகளும் டைரியோடு ஒத்துப்போகின்றன. காசு கைமாறிய காகிதத்தைத்தான் நான் நம்புவேன்.

68 புதிரையும் அப்பாவே ஒரு வரியில் அவிழ்த்துவிட்டார். டெண்டர் ஒழுகினால் ஷெட்டில் சும்மா நிற்கிற எஞ்சினுடையதைக் கழற்றி மாட்டிவிடுவார்களாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தால் பாய்லரே வேறாக இருக்குமாம். கேபின் பக்கவாட்டில் இருக்கும் நம்பர் பிளேட்தான் கணக்கு. இதை முதல் நாளே அவரிடம் கேட்டிருந்தால் ஒரு மனு மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு எஞ்சின் இருந்தால், "எப்போது ஸ்கிராப் ஆனது" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கடைசியாக ஓடிய நாள், கண்டம் உத்தரவு போட்ட நாள், ஏலத்தில் விற்ற நாள், வெட்டி எடை போட்டு லாரியில் ஏற்றிய நாள் என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். நான்கும் ஒரே தேதியாக வந்தால் சந்தேகப்படுங்கள். ஊர்ப்பேச்சையும் நம்ப வேண்டாம். "எல்லாத்தையும் நம்ம ஸ்டீல் பிளான்ட்லதான் உருக்குனாங்க" என்று எனக்கு இரண்டு பேர் சத்தியம் பண்ணினார்கள். சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியதே எண்பதுகளில்தான், அதுவும் தகடு உருட்டுகிற ஆலையாக. பெயரில் உருக்கு இருந்தாலும், எஃகு உருக்கும் பிரிவு அங்கே வந்தது 2010-ல்.

ஃபிரேமுக்குக் கீழே கடைசியில் இப்படி எழுதினேன்: "காகிதத்தில் கண்டம் 31.3.1979. அப்பா கடைசியாகக் கரி போட்டது 22.6.1979." அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"டெண்டர் யாருதுன்னு எழுதலையா கண்ணு?"