முப்பது வயசுக்கு மேல நர்சிங் படிக்கலாமா?

"நோயாளி பக்கத்துல நின்னதுகூட இல்லையே, சீட்டு தருவாங்களா"ன்னு அம்பை, பாளை பக்கத்து அக்காமார் தயங்குறாங்க. கேட்கிறது அனுபவத்த இல்ல, மார்க்கும் வயசும்தான்.

ஜி.என்.எம். (பொது நர்சிங், பிரசவம் பார்க்குற படிப்பு) டிப்ளமோ 3 வருஷம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூ எந்தக் குரூப்பும் சரி, ஆங்கிலம் பாஸாகி மொத்தம் 40 சதவீதம் வேணும். வயசு 17லருந்து 35 வரைக்கும். அரசு சீட்டுக்கு அந்த வருஷ அறிவிப்புல வயசு வரம்பத் தனியாப் பாருங்க. பி.எஸ்சி. 4 வருஷம், இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். காமர்ஸ் படிச்சவங்க அதுக்கு முன்பணம் கட்டிராதீங்க.

பஸ் ஸ்டாண்டு சுவர்ல ஒட்டியிருக்குற "ஒரு வருஷ நர்சிங்"க நம்பாதீங்க. அத முடிச்சா தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில்ல பதிவு கிடையாது, பதிவு இல்லாம ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. வயித்தெரிச்சலா இருக்கு, நகைய அடகு வச்சுக் கட்டுறாங்க.

கல்யாணம் ஆனவங்களுக்குச் சிக்கல் இனிஷியல்தான். டி.சி.ல அப்பா பேரு, ஆதார்ல வீட்டுக்காரர் பேரு. விண்ணப்பம் வர முந்தியே சரி பண்ணிருங்க. நோயாளி ரத்தத்தால தொத்துற கல்லீரல் நோய் ஹெபடைடிஸ் பி; அதுக்கான ஊசிய இப்பவே ஆரம்பிங்க. 3 டோஸ், முதல் ஊசிக்கப்புறம் 1வது மாசம், 6வது மாசம்.