மங்கும் வெளிச்சத்தில் எந்தக் கண்ணாடி?

செப்ரெம்பர் பிறந்தால் எங்கள் வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் வேறு கதையே கிடையாது. எல்க் என்ற பெரிய காட்டுமான் வேட்டைதான். நான் நோர்வேயின் எல்வெரூமுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில் ஒருநாள், எதிரே இருந்தவர் புதிதாக வாங்கிய ஸ்கோப்பைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். துவக்கில் இன்னும் பூட்டாத வெறும் குழாய். கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது. "யன்னலுக்கு வெளியே அந்த மலைச்சரிவைப் பார்" என்றார்கள். கண்ணில் வைத்தேன். தூரத்து ஊசியிலை மரத்தின் கிளைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நடுவில் குறுக்குக்கோடு. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. இலங்கையில் எங்கள் பக்கத்தில் யுத்த வருடங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்றியில் நின்ற ஆமிக்காரனின் துவக்கில் இருந்த அந்தக் குழாயை நாங்கள் எப்போதும் மற்றப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறோம்.

அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. ஸைஸா சுவரோவ்ஸ்கியா என்ற வழக்கு அதற்குள் சூடாகிவிட்டிருந்தது. வாய் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்கள், இரண்டு கம்பனிகளுக்காக முகம் சிவக்க வாதாடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஊரில் தேர்தல் காலத்துத் தேநீர்க்கடை ஞாபகம் வந்து, என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் "நீயும் எங்களோடு வாவன்" என்று ஒருவர் கேட்டார். எல்க் வேட்டை இங்கே தனியாள் வேலை இல்லை. ஒரு குழு, ஒரு நாய், காட்டைச் சுற்றி ஆளுக்கொரு நிலை. நிலையில் நிற்க எப்போதும் ஆள் தேவை.

வேட்டைப் பரீட்சை, பொலிஸ் அனுமதி, துவக்கைப் பூட்டி வைக்க இரும்பு அலுமாரி என்று வரிசையாக எல்லாம் வந்தது. அதற்கு மேல், பெரிய மிருகத்தைச் சுடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் சுடு பரீட்சையும் எடுக்க வேண்டும்: முப்பது பயிற்சிச் சூடுகள், பிறகு நூறு மீற்றரில் கலைமான் உருவத்தில் ஐந்து சூடு, ஐந்தும் குறித்த இடத்துக்குள் விழவேண்டும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்துப்போனது. துவக்கைப் பற்றி எனக்குள் இருந்த பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தது இந்த ஒழுங்குதான். துவக்கு வாங்குவதில் சிக்கல் இருக்கவில்லை. இங்கே பாதிப்பேர் வைத்திருக்கும் பின்லாந்துத் திக்கா ஒன்று. ஸ்கோப் என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு வேதம்.

ஓகஸ்டில் எல்வெரூம் வன அருங்காட்சியகத்தில் நடக்கும் வேட்டை, மீன்பிடித் திருவிழாவுக்குப் போனேன். எல்லாக் கம்பனிகளும் தங்கள் ஸ்கோப்புகளை அங்கே வரிசையாக வைத்திருந்தன. 1846இல் யேனா நகரில் தொடங்கிய ஸைஸ், திரோல் மலைநாட்டு அப்சாமில் 1949இல் பிறந்த சுவரோவ்ஸ்கி ஒப்ரிக், 1898இல் வியன்னாவில் தொடங்கிய காலெஸ், ஜெர்மனியின் ஷ்மித் பெண்டர், செக் நாட்டு மியோப்ரா, அமெரிக்காவின் லியூபோல்ட், வோர்ரெக்ஸ். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் வைத்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தேன். எல்லாமே அருமை. துவக்கையே விட விலை கூடிய ஸ்கோப்பும், அதில் கால்வாசி விலைக்காரனும் ஒரேமாதிரித் தெளிவு. அப்ப எதற்கு இந்தச் சண்டை?

பக்கத்தில் நின்ற அண்ணைதான் விடை சொன்னார். எண்பதுகளில் வட நோர்வேயின் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு தெற்கே இறங்கிவந்து, இப்போது எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார். "தம்பி, மத்தியான வெயிலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். பொழுதுபட்ட பிறகு பார்" என்றார்.

அன்று மாலை தன்னுடைய இரண்டையும் ஒரு நண்பரின் ஒன்றையும் கொண்டுவந்தார். மூன்றையும் வேலிக்கம்பத்தில் வைத்து, காட்டோரம் நின்ற ஒரு பூர்ச் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்ட இருட்ட மூன்றும் பிரிந்துபோயின. மலிவானதில் முதலில் மரத்துக்கும் நிழலுக்கும் இடையிலான கோடு கரைந்தது. பிறகு எல்லாமே ஒரு சாம்பல் கலங்கலாகியது. நடுத்தரமானது இன்னும் கொஞ்சநேரம் தாங்கியது. நல்லதில், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரத்திலும் பட்டையின் கறுப்புக் கீறல்கள் தெரிந்துகொண்டேயிருந்தன. அந்த மாலையோடு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

காரணம் பூச்சில் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 4 வீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் எத்தனையோ வில்லைகள். பத்து மேற்பரப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வராமலே போய்விடும். ஸைஸில் வேலைசெய்த உக்ரேனியர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் கண்டுபிடித்த தெறிப்புத் தடுப்புப் பூச்சுதான் இதை மாற்றியது. இன்றைக்கு உச்சத்தில் இருக்கும் கம்பனிகள் எல்லாம், உள்ளே வரும் வெளிச்சத்தில் 90 வீதத்துக்கு மேலே கண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஷ்மித் பெண்டர் தன் போலார் வகைக்கு 96 வீதம் என்று சொல்கிறது. 92க்கும் 96க்கும் உள்ள வித்தியாசத்தை மனிதக் கண் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உள்ளே சிதறும் வெளிச்சத்தை எந்தக் கண்ணாடி அடக்குகிறது, நிழலுக்குள் இருக்கும் மண்ணிறத்தை எது பிரித்துக் காட்டுகிறது என்பதைக் கண் பிடிக்கும். அதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. பொழுதுபடத்தான் தெரியும்.

அடுத்தது முன்வில்லையின் விட்டம். அதை உருப்பெருக்கத்தால் பிரித்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8x56, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 56 மில்லிமீற்றர் முன்வில்லையும் என்றால், 7 மில்லிமீற்றர். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது வரை மாற்றக்கூடிய, அமெரிக்கர்களுக்குப் பழகிப்போன 3-9x40ஐ ஒன்பதில் வைத்தால் நாலரைதான். இருட்டில் இளம் கண்ணின் பாவை ஏழு வரை விரியும். ஜெர்மன்காரர்கள் பரணில் காத்திருந்து சுடப் பெரிய 56ஐ விரும்புவதற்கு இதுதான் காரணம்.

பரண் என்று எழுதிவிட்டேன். இனி சித்தப்பாவைத் தாண்டிப் போக முடியாது.

வன்னிக் குளக்கட்டில், தண்ணிக்கு வரும் மரைக்கும் பன்றிக்கும் காத்திருந்தவர் அவர். அவருடையது இடியன் துவக்கு. குழாய் வாயால் மருந்தும் சன்னமும் போட்டு இடிப்பது. இருட்டில் குறி தெரியவேண்டும் என்று குழாய் நுனியில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பார். வெற்றிலை போடும்போது விரலில் ஒட்டியிருக்கும் அதே சுண்ணாம்பு. நிலவு வெளிச்சத்தில் அந்தப் பொட்டு மட்டும் மிதக்குமாம். சட்டப்படி அது குற்றம். இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. பிறகு யுத்தம் காட்டையும் எடுத்தது, துவக்குகளையும் எடுத்தது, சித்தப்பாவையும் எடுத்தது. சுவரோவ்ஸ்கி ஒன்றின் ஒளிரும் புள்ளியை முதன்முதலாக ஏற்றியபோது எனக்கு அந்தச் சுண்ணாம்புப் பொட்டுத்தான் கண்ணில் நின்றது. கடைக்காரர் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை.

சரி, எல்க்குக்கு வருவோம். நிலையில் நிற்பவனுக்கு 56 மில்லிமீற்றர் ஒரு பாரம்தான். நாய் குரைத்துக்கொண்டு விரட்டிவர, எல்க் மரங்களுக்கு இடையில் ஐம்பது அறுபது மீற்றரில் குறுக்கே போகும். அங்கே வேண்டியது அகலம். சுவரோவ்ஸ்கியின் Z8i 1-8x24 போன்றவற்றை ஒரு மடங்கில் வைத்தால் நூறு மீற்றரில் நாற்பது மீற்றருக்கு மேல் அகலம் தெரியும், இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே சுடலாம். எங்கள் குழுவில் பழைய ஆட்கள் அதுவும் வேண்டாம் என்கிறார்கள். அவர்களிடம் இருப்பது சுவீடனின் எய்ம்பொயின்ற்: உருப்பெருக்கமே இல்லாத சிவப்புப் புள்ளி. எழுபதுகளிலிருந்து எல்க் வேட்டைக்காரர்களின் தோழன். கண்ணை எங்கே வைத்தாலும் புள்ளி இலக்கில் நிற்கும். நின்று சுடும் நெருக்கமான காட்டுக்கு இதைவிட வேகமானது கிடையாது என்பதுதான் என் முடிவும். ஆனால் வெட்டிய காட்டுவெளியில் 150 மீற்றரில் ஒன்று நின்றால், அது எல்க் பசுவா கன்றா என்று அந்தப் புள்ளி சொல்லாது. நான் 1-6 வகை ஸ்கோப் ஒன்றைச் செக்கன்ட் ஹாண்டாக வாங்கியது அதனால்தான்.

ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஸ்கோப்பால் மிருகத்தைத் தேடக்கூடாது. தேடுவது பைனாகுலரால். ஸ்கோப் எங்கே திரும்புகிறதோ அங்கே துவக்கின் வாயும் திரும்புகிறது. அங்கே நிற்பது ஒரு மனிதனாகவும் இருக்கலாம். அந்தப் பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். புதிதாக வரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, ஸ்கோப்பில் மிச்சம்பிடித்தாவது ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள் என்பதுதான்.

அமெரிக்கக் கம்பனிகளை இங்கே கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். அது நியாயமில்லை. லியூபோல்ட் 1907இலிருந்து இருக்கும் கம்பனி. ஒரேகன் மழையில் ஸ்கோப் உள்ளே பனிபிடித்து மானைத் தவறவிட்ட கோபத்தில்தான் மார்க்கஸ் லியூபோல்ட் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார் என்பது அவர்கள் சொல்லும் கதை. பாரம் குறைவு, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி தாராளம். வோர்ரெக்ஸ் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. ரசீதும் கேட்பதில்லை, எத்தனையாவது சொந்தக்காரர் என்றும் கேட்பதில்லை. நிக்கோன் ஸ்கோப் செய்வதையே நிறுத்திவிட்ட காலத்தில் இது சின்ன விசயமில்லை. ஒரு சிக்கல் மட்டும்: அமெரிக்க ஸ்கோப்புகள் பலவற்றில் ஒரு கிளிக் நூறு மீற்றரில் ஏழு மில்லிமீற்றர்தான் நகரும். ஐரோப்பியதில் சரியாக ஒரு சென்ரிமீற்றர். சுடுதளத்தில் "மூன்று சென்ரிமீற்றர் இடப்பக்கம்" என்று ஒருவர் கத்தினால், நான் மூன்று கிளிக் திருப்புவேன், லியூபோல்ட்காரர் கணக்குப் போட்டு நாலு திருப்பவேண்டும்.

இப்போது சாப்பாட்டு அறை வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் நிலையில் நிற்கும்போது, தூரத்தில் நாய் குரைத்தால் உடம்பு முதலில் நினைப்பது எல்க்கை அல்ல. யாரோ வருகிறார்கள் என்றுதான். ஊரில் இரவில் நாய் குரைத்தால் விளக்கை நூர்த்துவிட்டுத் திண்ணைக்குக் கீழே படுத்த பிள்ளைகள் நாங்கள்.

அடுத்த ஓகஸ்ட் 10இல் ரோ என்ற சின்ன மானின் கடாக்களுக்கான வேட்டைக்காலம் தொடங்குகிறது. அது பொழுதுபடும் நேரத்து வேட்டை. அதற்கென்று 8x56 பழைய ஷ்மித் பெண்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அண்ணைக்கு அதில் விருப்பமில்லை. அறுபது தாண்டியவர், அந்த வயதில் பாவை ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் விரிவது அரிது. ஏழு மில்லிமீற்றர் வெளிச்சத்தைக் கொடுத்தாலும் மிச்சம் அவர் கண்ணுக்கு வெளியேதான் விழும். எட்டு மடங்கில் அவருக்கு 42 போதும், பாரமும் குறைவு. "மிச்சக் காசுக்கு, ஸ்கோப்பைத் துவக்கில் பிடிக்கிற நல்ல வளையம் வாங்கிப் பூட்டு, அசையாமல் இருக்கவேணும்" என்கிறார். சொல்வது சரிதான். ஆனாலும் அவருடைய 42ஐயும் அந்த 56ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் கண்ணாலும் என் கண்ணாலும் பார்க்காமல் நான் விடப்போவதில்லை. கடைக்காரர் வார இறுதிக்கு இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.