ஊருணிக்கு நீர் வந்த வழி

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் செம்புறாங்கல் படித்துறையுடன் பழைய ஊருணி ஒன்று இருக்கிறது. வற்றாத ஆறு இல்லாத செட்டிநாட்டில் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கித்தான் பிழைக்க வேண்டும் என்பதால், வீடுகளின் முற்றத்தில் விழும் மழைநீர்கூடத் தெருக்கால் (தெரு வாய்க்கால்) வழியே ஊருணியைச் சேரும்படி முன்னோர் ஊரை அமைத்தார்கள். என் சிறுவயதில் கார்த்திகை மாதத்தில் மேலிருந்து மூன்றாம் படி நனைந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்போ நல்ல மழை பெய்தும் அடிப்படி நனையவில்லை.

எல்லோரும் தூர்வாரச் சொன்னார்கள். நன்கொடை திரட்டிச் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றித் தூர்வாரினோம். அடுத்த மழையிலும் நீர் வரவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆச்சி, "தம்பி, குழியத் தோண்டி என்ன செய்ய? தண்ணி வர்ற கால எங்க விட்டீக?" என்று கேட்டார்.

அவர் சொன்ன திசையில் வரத்துக்காலை, அதாவது ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை, தேடி நடந்தோம். மேற்கே பொட்டல் வரை தெளிவாகத் தெரிந்த கால், புதிய மனைப்பிரிவின் சாலையருகே நின்றுவிட்டது. சாலைக்கடியில் ஓரடி அகலச் சிமெண்டுக் குழாய் ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதன் வாயில் செம்மண்ணும் நெகிழிப் பைகளும் கல்லாய் இறுகிக் கிடந்தன. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஊர்களில் இத்தகைய மனைப்பிரிவுகள் பெருகுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்டுக் கொடுத்த எங்கள் முதல் மனுவில் ஊருணியின் புல எண்ணை (சர்வே எண்ணை) மட்டும் குறிப்பிட்டிருந்தோம். ஊருணியில் ஆக்கிரமிப்பு இல்லை என்று பதில் வந்தது, அது உண்மையும்கூட. வரத்துக்காலுக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருக்கும் என்பதும், அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அரசின் இணையச் சேவையில், நிலங்களின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டைத் தேடி, 'வாய்க்கால் புறம்போக்கு' என்று வகைப்படுத்தப்பட்ட உட்பிரிவுகளைக் குறித்துக்கொண்டோம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அவற்றின் புலப்பட (நில அளவை வரைபட) நகல்களைக் கேட்டோம். ஏன், எதற்கு என்ற கேள்விகளை எழுதாமல் ஆவண நகல்களை மட்டும் கேட்பதே நல்லது. 30 நாளில் பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்தோம். அதன்பின் நகல்கள் கிடைத்தன.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நகல்களையும் இணைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். இதில் சட்டத்தைச் சரியாகக் குறிப்பிடுவது முக்கியம். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறையின் (இப்போது நீர்வளத் துறையின்) கண்மாய்களுக்கானது. ஊராட்சியின் பொறுப்பிலுள்ள ஊருணிக்கும் வரத்துக்காலுக்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே பொருந்தும்.

அளவை நாளன்று, கருவேல வேருக்கடியில் புதைந்திருந்த பழைய எல்லைக்கல்லை நில அளவையர் கண்டெடுத்தார். அதிலிருந்து அளந்தபோது காலின் பாதி அகலம் மூன்று வீடுகளின் சுற்றுச்சுவருக்குள் போயிருந்தது. மனை வாங்கியவர்கள் சேமிப்பைக் கொட்டிப் பத்திரத்தை நம்பி வாங்கியவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புலப்படத்தை விரித்துக் காட்டிப் பேசியதில் இருவர் தாங்களாகவே சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். குழாய் இருந்த இடத்தில் ஊராட்சி சிறுபாலம் கட்டியது.

சென்ற கார்த்திகையில் ஊருணியில் பாதிப் படிகள் வரை நீர் ஏறியது. முக்குளிப்பான் பறவைகள் இரண்டு வந்திருப்பதாகப் பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். மூன்றாவது சுவர் குறித்த மேல்முறையீடு இன்னும் முடியவில்லை. அடுத்த விசாரணைக்கு நகல்களை எடுத்து வைத்திருக்கிறேன்.