எக்மோர் கிர்க்: கிணறுங்க மேல நிக்கிற சர்ச்

எக்மோர் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்ச பழைய ஆளுங்க கிர்க்னு தான் சொல்வாங்க, ஸ்காட்லாந்துக்காரங்க பேச்சுல சர்ச்சுக்கு அது தான் பேரு. இப்ப அது சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), ஆனா கட்டுனது இங்க இருந்த ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன்காரங்க (புராட்டஸ்டன்ட்ல ஒரு பிரிவு), 1818ல கல்லு போட்டு 1821ல திறந்தாங்க.

உள்ள கால் வெச்சதும் கண்ணு தானா மேல போயிடும். வட்டமான ஆலயம், சுத்தி 16 தூண், அதுக்கு மேல பெரிய டோம், உள்பக்கம் பூரா நீலம், அதுல தங்க நட்சத்திரம். எனக்கு உடனே 'வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது'ங்கிற பைபிளோட 19வது சங்கீதம் தான் வாயில வந்துச்சு, கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். பெஞ்சு கூட வட்டத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு தான் இருக்கு. பிரசங்கம் தான் முக்கியம்னு நினைக்கிற சபைக்கு இந்த வட்டம் ரொம்ப பொருத்தம்னு எனக்கு தோணுது, எங்க உக்காந்தாலும் பிரசங்கியார் தூரமா தெரிய மாட்டார்.

லண்டன்ல இருக்கிற செயின்ட் மார்ட்டின் சர்ச் தான் மாடல். அதை கட்டுன ஜேம்ஸ் கிப்ஸ் அங்கயும் முதல்ல வட்டமா தான் பிளான் போட்டாரு, செலவு ஜாஸ்தின்னு வேணாம்னுட்டாங்க. அங்க நடக்காதது இங்க நடந்துச்சு.

ஆனா நிஜமான ஆச்சரியம் கீழ இருக்கு. புத்தியுள்ள மனுஷன் கன்மலை மேல வீடு கட்டுனான்னு இயேசு சொன்னாரு, எக்மோர்ல கன்மலைக்கு எங்க போறது, தோண்டுனா ஈரமண்ணு தான். அதனால நம்ம ஊரு வழக்கப்படி வரிசையா கிணறு கிணறா இறக்கி, சுமார் 150 கிணறு, அது மேல அஸ்திவாரத்த எழுப்பிட்டாங்க. இதுக்கு இன்ஜினியர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட். மனுஷன் வளைவு பைத்தியம், ஸ்ரீரங்கப்பட்டணத்துல தன் தோட்டத்துலயே 1808ல ஒரு பெரிய செங்கல் வளைவு கட்டி, இது நிக்கும் பாருன்னு காட்டுனாரு, அது நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சு. இங்க டோமுக்கு மரமே போடல, கரையான் பயம், செங்கல்லும் சுண்ணாம்பும் தான், கனம் குறைய மண் குடுவைங்க வேற வெச்சிருக்காங்க.

வெளிய இருக்கிற கோபுரம் 166 அடி உயரம், அதை ரோட்டுல இருந்தே பாத்துக்கலாம். நீங்க போறதுன்னா சும்மா சுத்திப் பாக்க போகாம ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு போங்க, 1883ல வந்த பைப் ஆர்கன் இருக்கு, பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிக்கும்போது அந்த டோமுக்கு அடியில நின்னு நீங்களும் பாடணும்.