பதினேழு சனிக்கிழமைகள்

27 ஆகஸ்ட் 2025, புதன்

விநாயகர் சதுர்த்தி. கம்பெனியில் எல்லோருக்கும் கொழுக்கட்டை கொடுத்து முடிப்பதற்குள், எங்களுக்குத் தையல் வேலை தரும் எக்ஸ்போர்ட்டரிடமிருந்து போன். அமெரிக்காவுக்குப் போகும் நம் சரக்குக்கு இன்று முதல் 50 சதவீத வரி. அங்கே பையர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். அதனால் எனக்குத் தையல் கூலியில் பீஸுக்கு இரண்டு ரூபாய் குறையுமாம். பில் பணம் 120 நாளில் வருமாம்.

பதினொரு வருடப் பழக்கம். என் 48 மெஷின்களில் முப்பதுக்கு மேல் அவர் வேலையில்தான் ஓடுகின்றன. ‘சரிங்க’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சனிக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன், இரவு

பழைய முடிவு நோட்டை எடுத்தேன். பெரிய முடிவு எதுவானாலும் ஏன் எடுக்கிறேன், என்ன எதிர்பார்க்கிறேன் என்று முன்கூட்டியே அதில் எழுதிவிடுவது என் வழக்கம்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நான் தப்பியது துணியில் பாதியை முன்பே வெளியூர்ப் பட்டறைக்கு அனுப்பியதால். அப்போது சொந்தமாக உள்நாட்டுச் சரக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். ‘நொய்யல் வழக்கு எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நோட்டில் என் கையெழுத்தில் இருப்பது வேறு: ‘அந்தப் பட்டறைக்காரர் தர வேண்டிய பழைய பாக்கி 80 ஆயிரத்தைச் சாயக் கூலியில் கழித்துக்கொள்ள.’ வழக்கைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நெடுநேரம் தூக்கம் வரவில்லை. பதினான்கு வருடமாக அந்த ஒரு வெற்றியை நம்பி எத்தனை முடிவுகளை அவசரமாக எடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். 24 வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதைப் பிரித்துக் காட்ட இந்த நோட்டைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

30 ஆகஸ்ட், சனி

சம்பள நாள். வாரக் கூலி இரண்டரை லட்சம். எக்ஸ்போர்ட்டர் வேலைக்கு மட்டும் ஒன்றே முக்கால் லட்சம். 120 நாள் என்றால் பதினேழு சனிக்கிழமைகள். ஏறக்குறைய 30 லட்சத்தை நான் கைப்பணம் போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இத்தனை நாளும் கூலிக் குறைப்பையே நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். கழுத்தை நெரிப்பது அந்த நாள் கணக்குதான்.

சம்பளம் கொடுப்பதற்கு முன் கட்டிங் மாஸ்டரையும் கணக்குப் பார்க்கும் பெண்ணையும் கூப்பிட்டு, என் எண்ணத்தைச் சொல்லாமல் முதலில் அவர்களைக் கேட்டேன். நான் வாயைத் திறந்துவிட்டால் இருவரும் தலையாட்டிவிடுவார்கள். மாஸ்டர் தயங்கித் தயங்கி, “அக்கா, அவரை முழுசாக விட்டுவிட்டால் மோட்டார் மெஷினில் தைக்கும் நல்ல பவர் டேபிள் டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். திரும்பப் பிடிக்க முடியாது” என்றார். கோபத்தில் எல்லாவற்றையும் உதறலாம் என்று இருந்தவளுக்கு அது உறைத்தது.

சட்டம் என் பக்கம் இருக்கிறது. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் எக்ஸ்போர்ட்டர் தன் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். வழக்குப் போட்டால் அடுத்த வேலை வராது. ஆனால் அவருடைய ஆடிட்டரே 120 நாளை விரும்பமாட்டார் என்று இதமாக எடுத்துச் சொல்லலாம்.

அவரிடம் சொன்னேன். இந்த சீசனுக்கு மட்டும் பீஸுக்கு ஒரு ரூபாய் குறைக்கிறேன். பணம் 45 நாள். இரண்டையும் எழுத்தில் வேண்டும். யோசிக்கிறேன் என்றார்.

4 செப்டம்பர், வியாழன்

2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாம், 22ஆம் தேதி முதல். திருப்பூரின் உள்நாட்டு ஆடைச் சந்தையான காதர்பேட்டையின் வியாபாரி ஒருவர் குழந்தைகள் செட்டுக்கு வேலை தர வந்தவர், இதைச் சொல்லியே என்னை உற்சாகப்படுத்தினார். அவர் சரக்கு எதுவும் 500 ரூபாயைத் தாண்டாது. 1,000 வரை முன்பும் 5 சதவீதம்தான். வரிக் குறைப்பை நோட்டில் ‘காரணங்கள்’ பக்கத்தில் எழுதிவிட்டு அடித்தேன். அவர் வாராவாரம் பணம் தருவார் என்ற காரணம் மட்டும் நின்றது. அது போதும், எடுத்துக்கொண்டேன்.

11 செப்டம்பர், வியாழன்

எக்ஸ்போர்ட்டர் 45 நாளுக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பதினைந்து மெஷினில் உள்நாட்டுச் சரக்கு. ஆறு மெஷின் சும்மா கிடக்கிறது.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. ஓடாத அந்த ஆறு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது தொண்டை அடைத்தது. இரண்டு டெய்லர்கள் போய்விட்டார்கள், மாஸ்டர் சொன்னபடியே.

18 அக்டோபர், சனி

போனஸ் கொடுத்தாயிற்று, கடன் வாங்காமல். நாளை மறுநாள் தீபாவளி. வடநாட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள்.

‘வெற்றி’ என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. எக்ஸ்போர்ட்டரின் முதல் 45 நாள் கெடுவே இன்னும் முடியவில்லை. நோட்டில் 31 ஜனவரி 2026 என்று தேதி போட்டுக் கீழே எழுதினேன்: பில் பணம் சொன்ன நாளில் வந்ததா? எத்தனை மெஷின் ஓடுகிறது? போன டெய்லர்கள் இருவரில் யாராவது திரும்பினார்களா? மூன்றுக்கும் நேரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.